என் பிஸ்டலின் ஸ்பிரிங்கை மாற்றிய மகனுக்கு

தம்பி,

நலமாயிருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. அடுத்த மாதம் கலியாணம் செய்யப்போகிறவன் நலமாகத்தான் இருப்பாய். நானும் சுகம்தான், கோபம் ஒன்றைத் தவிர எனக்கு வேறு வருத்தம் இல்லை. ஃபோனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ "ஓமம்மா, ஓமம்மா" என்று சொல்லிச் சொல்லியே என் கோபத்தைக் கரைத்துவிடுவாய். அந்த வித்தை உனக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. ஆகையால் எழுதுகிறேன். எழுதியதில் ஒரு பிரதியை நம் சங்கத்துச் சஞ்சிகைக்கும் அனுப்பப்போகிறேன், மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். பயப்படாதே, உன் பெயரைப் போடமாட்டேன், என்னுடையதையும் போடமாட்டேன். ஆனாலும் மவுண்ட் ரோஸ்கிலில் பிஸ்டல் சுடுகிற யாழ்ப்பாணத்துத் தாய்மார் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு ஒரு விரலே போதும், அதற்கு நான் ஒன்றும் செய்யமுடியாது.

விஷயம் இதுதான். ஈஸ்டருக்கு நீ வெலிங்டனிலிருந்து வந்தபோது என் பிஸ்டலைத் துடைத்துத் தருவதாகச் சொன்னாய். நானும் பெட்டகத்தைத் திறந்து எடுத்துத் தந்துவிட்டு, உனக்காகக் கணவாய் மீன் கழுவப் போனேன். நீ அதற்குள் இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, எங்கோ அமெரிக்காவிலிருந்து தருவித்த, பெலன் குறைந்த ஒரு ஸ்பிரிங்கைப் போட்டுப் பூட்டி என் கையில் தந்தாய். தந்தபோது வாய் திறக்கவில்லை. கணவாய்க் கறியை மட்டும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய்.

சஞ்சிகையில் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தத் துவக்குச் சங்கதியை நான் தேடிப் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நீதான் அந்தத் துவக்குச் சுடுகிற கிளப்பில் சேர்ந்தாய். உனக்கு அப்போது கார் இல்லை. சனிக்கிழமை தோறும் உன்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நீ முடித்து வரும்வரை காருக்குள் இருந்து சுவெட்டர் பின்னியவள் நான். ஒரு மழை நாளில் கிளப்பின் தலைவர் டெஸ் வந்து கண்ணாடியில் தட்டி, உள்ளே வந்து தேத்தண்ணீர் குடிக்கும்படி கூப்பிட்டார். தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு இரவல் பிஸ்டல் ஒன்றைத் தந்து, விருப்பமென்றால் சுட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டேன். அன்றைக்கு நாம் குறிவைத்துச் சுட்ட உன் கடதாசியையும் என் கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீ காரில் வீடு வரும்வரை ஒரு சொல் பேசாமல் வந்தாய், ஞாபகமிருக்கிறதா?

அனுமதிப் பத்திரத்துக்காகப் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது என்னை வெளியே அனுப்பிவிட்டு உன் அப்பாவைத் தனியாக விசாரித்தார். மனைவி கோபக்காரியா, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்றெல்லாம் கேட்டாராம். அப்பா, துவக்கு வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டில் தான் அவளுடைய சொல்லைத்தான் கேட்பதாகப் பதில் சொன்னாராம். அதை இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறார். பூசை முடிந்து வெளியே வந்தால் சனம் வேறொன்று கேட்கும். அங்கேயிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் இதை எப்படித்தான் தொடுகிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கே நான் துவக்குக்கு முன்னால் நின்றவள். இங்கே பின்னால் நிற்கிறேன், அதுவும் கடதாசியைத்தான் சுடுகிறேன். இதில் என்ன விளங்கவில்லை என்று எனக்குத்தான் விளங்கவில்லை.

ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் போத்தல் மூடிகள் ஓடுகிற பட்டியின் பக்கத்தில் நின்று கோணல் மூடிகளைப் பொறுக்குகிறேன். வீட்டுக்கு வந்தால் சமையல், பிறகு யாராவது ஒருவருடைய ஃபோன். கிளப்பில் சுடும் வரிசையில் காதை மூடிக்கொண்டு நிற்கும்போது என்னை ஒருவரும் அக்கா, அன்ரி, அம்மா என்று கூப்பிடுவதில்லை. நானும் என் கையும் அந்தக் கறுப்பு வட்டமும் மட்டும்தான். குறி தவறினால் நான் விட்ட பிழை, பட்டால் நான் சுட்டது. இந்த வயதில், இந்த நாட்டில், எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அது. சென்ற வருடம் கிளப்புகளுக்கிடையிலான போட்டிக்கு என்னை அணியில் சேர்த்தபோது நான் குளியலறையில் போய் நின்று அழுதது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

நீ போன பிறகு வந்த சனிக்கிழமை கிளப்புக்குப் போனேன். ஸ்லைட்டை, அதாவது பிஸ்டலின் மேல்பாகத்தை, பின்னால் இழுத்தபோது வழக்கத்தைவிட இலகுவாக இருந்தது. என் பிள்ளை நன்றாக எண்ணெய் போட்டிருக்கிறான் என்று பெருமைப்பட்டேன், பார். சுடத் தொடங்கியதும் வந்தது வினை. வெடித்துப் பின்னால் ஓடிய ஸ்லைட் முன்னால் திரும்பி வந்து முழுதாகப் பூட்டாமல் ஒரு நூல் இடைவெளியில் நின்றுவிட்டது. பெருவிரலால் தள்ளிப் பூட்டினேன். இன்னும் கொஞ்சம் சுட மறுபடியும் நின்றது. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள் வழக்கமாக விழும் இடத்தில் விழாமல் பக்கத்தில் சுட்டவரையும் தாண்டிப் பறந்தன. ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டல் என் மணிக்கட்டில் சுத்தியலால் அடிப்பதுபோல் இடித்தது. டெஸ் பின்னால் வந்து நின்று பார்த்தார். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைட் ஒழுங்காக வேலை செய்யாது, இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்றார். இறுக்கிப் பிடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் கை நொந்தது. அடுத்த சனியும் அதே கதை. அதற்கடுத்ததும் அதுவே. டெஸ் மிகவும் தன்மையாக, எல்லாருக்கும் முன்னால், கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் நல்லதென்று சொன்னார். அவர் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன்.

நான் அதை நம்பிவிட்டேன், தம்பி. எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிப்பது அதற்காகத்தான். சமையலறையில் கத்தியை எடுத்தால் கையைப் பார்ப்பேன். வேலையிடத்தில் மூடியைப் பொறுக்கும்போது விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பேன். உண்மையில் நடுங்கவும் தொடங்கியது, பயந்தவளுக்கு நடுங்காமல் என்ன செய்யும்? அணியிலிருந்து விலகிக்கொள்வதாக டெஸ்ஸிடம் நானே சொன்னேன். அன்று பின்னேரம் உனக்கு ஃபோன் எடுத்து, பிஸ்டல் பூட்டாமல் நிற்கிறது, கை சரியில்லைப் போல, எல்லாவற்றையும் விடப்போகிறேன் என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை.

"வயது போகுதெல்லே அம்மா. இனி உது என்னத்துக்கு? விட்டிட்டு ஆறுதலா இருங்கோ."

ஆறுதலாக இருப்பதற்கு முதல் ஒரு வேலை மிச்சமிருந்தது. பிஸ்டலைக் கிளப்பிலேயே ஒருவருக்குக் கைமாற்றிவிடலாம் என்று டெஸ் சொல்லியிருந்தார். நம் வீடுகளில் இரவல் வாங்கிய கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். குறையுள்ள சாமானை இன்னொருவர் தலையில் கட்ட என்னால் முடியாது. ஸ்பிரிங் பழசாகியிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிப் போட்டே கொடுப்போம் என்று துவக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பட்டியலை விரித்தார். இந்தச் சின்னக் கம்பிச் சுருளில் இத்தனை வகை இருக்குமென்று அன்றுதான் கண்டேன். பெலன் குறைந்தது, கூடியது, இன்னும் கூடியது என்று எல்லாம் றாத்தல் கணக்கில். றாத்தலில் நான் பேக்கரிப் பாண்தான் வாங்கிப் பழக்கம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மையார் போன்றவர்களுக்கு இலேசானதுதான் நல்லது, பெண்கள் எல்லாரும் அதைத்தான் விரும்புவார்கள் என்று விரலை வைத்தார். நான் என்ன தோட்டா சுடுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. பிஸ்டலைச் செய்த கொம்பனி எதைப் போட்டதோ அதே பெலன், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பழையதைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் மேசையில் வைத்தேன். பழைய ஸ்பிரிங் புதியதைவிட நீளத்தில் கட்டையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், பாவித்துப் பாவித்துச் சுருங்கியிருக்கும் அல்லவா. கட்டையாக இல்லை. ஆனால் கம்பி மெல்லியதாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பிரிங் களைத்துப்போகும், சுருங்கும், எல்லாம் சரி, இரும்புக் கம்பி எங்கேயாவது மெலியுமா? அது என்னுடைய ஸ்பிரிங் இல்லை. அந்தப் பிஸ்டலை என்னைத் தவிரத் தொட்டவன் நீ ஒருவன்தான்.

டெஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். மனிதர் மழுப்பவில்லை. நான் ஒருநாள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நீ கண்டாயாம், இழுக்க இலகுவாக ஏதாவது போடலாமா என்று அவரிடம் கேட்டாயாம், அவர்தான் அந்த இலேசான ஸ்பிரிங்கைச் சொன்னாராம். அம்மாவிடம் சொன்னால் ரோஷம் வந்து போடவிடமாட்டார் என்று நீ சொன்னாயாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் கையின் விதியை முடிவு செய்திருக்கிறீர்கள். பிறகு ஸ்லைட் பூட்டாமல் நின்றபோது, இலேசான ஸ்பிரிங் போட்டும் இந்த நிலை என்றால் கை எவ்வளவு பலவீனமாக இருக்கவேண்டும் என்று நினைத்தாராம். ஸ்பிரிங்கால்தான் அந்த நிலை என்று அவருடைய புத்தியில் படவே இல்லை. மன்னிப்புக் கேட்டார். அணியில் என் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று, இந்த வருடம் ஒன்றும் செய்யமுடியாது என்றும் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "அவன் உமக்கு நல்லதெண்டுதானே செய்தவன்" என்றார்.

"நல்லதெண்டால் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் எழும்பித் தேத்தண்ணீர் வைக்கப் போனார். உன்னிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

நீ எஞ்சினியர், உனக்கு நான் ஸ்பிரிங் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் படித்ததை நீ உன் தாய் விஷயத்தில் பாவிக்கவில்லை, ஆகையால் படிப்பிக்கத்தான் போகிறேன். அந்த ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. வெடித்ததும் பின்னால் பாய்கிற ஸ்லைட்டைத் தாங்கவேண்டும், பிறகு அதை முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிப் பூட்டவேண்டும். நான் சுடுவது முழுப் பெலன் தோட்டா. அதற்கு நோஞ்சான் ஸ்பிரிங்கைப் போட்டால் ஸ்லைட் தாங்குவாரில்லாமல் பின்னால் போய் மோதும், அந்த மோதல் முழுவதும் மணிக்கட்டுக்குத்தான் வரும். திரும்பித் தள்ளவும் பெலன் போதாது, அதனால்தான் பூட்டாமல் நின்றது. என் மணிக்கட்டு நோகக்கூடாது என்று நீ செய்த வேலைதான் என் மணிக்கட்டை நோகவைத்தது. இன்னும் கொஞ்சக் காலம் அப்படியே சுட்டிருந்தால் பிஸ்டலின் சட்டகமே விரிசல் விட்டிருக்கும். அதற்காகப் பெலன் கூடியதுதான் நல்லது என்று இல்லை. அதுவும் பிழைதான், தோட்டா ஸ்லைட்டை முழுதாகப் பின்னால் தள்ளமுடியாமல் கோது சிக்கும், முன்னால் வரும்போது அடித்துக்கொண்டு வந்து குழாயின் மூக்கைக் கீழே குத்தும். ஸ்பிரிங் வாங்குகிறவன் முதலில் கேட்கவேண்டியது சுடுகிறவர் ஆணா பெண்ணா, வயதென்ன என்று இல்லை. என்ன தோட்டா சுடுகிறீர்கள் என்று கேட்கவேண்டும். கோது எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். கொம்பனி போட்டதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக மாற்றி, மாற்றிய கையோடு சுட்டுப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், அது யாருடைய பிஸ்டலோ அவரிடம் சொல்லவேண்டும்.

இது உனக்குப் புதிய பழக்கமும் இல்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு முதுகு நோவென்று டொக்டரிடம் போனோம். டொக்டர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோர் மேசையில் வருடக்கணக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கிழித்தவள் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு வயிற்று நோவென்றாய். அவர் வயிற்றுக்கு மருந்தெழுதினார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனை வருடம் சிரித்தோம்! இப்போது யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. எங்கே நோகிறது என்று நீ அன்றைக்கும் என்னைக் கேட்கவில்லை.

நீ கட்டப்போகிற றெஜினாவை எனக்குப் பிடித்திருக்கிறது. போன கிழமை அவள் ஃபோனில் கதைத்தபோது, கலியாணத்துக்குப் பிறகு அவள் இராவேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறுவதாக நீ அவளுடைய வீட்டாரிடம் சொல்லியிருக்கிறாய் என்றாள். அவள் ஒரு நேர்ஸ். இராவேலை தனக்குப் பிடிக்கும், அந்த நேரத்தில்தான் நோயாளிகள் மனம்விட்டுக் கதைப்பார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் மாறப்போவதை அவளே தன் தாயிடமிருந்துதான் அறிந்தாளாம். நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் பிள்ளை நல்லவன் என்றுதான் சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. நீ அவளுக்கு ஒரு கெடுதியும் நினைக்கமாட்டாய். நல்லதை நினைத்து, அவளுக்குத் தெரியாமல் செய்துவிட்டு, கணவாய்க் கறி சாப்பிடுவாய். பிறகு ஒருநாள் அவள் ஏனென்று தெரியாமல் தன்னுடைய கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கிற அன்றைக்கே அவளிடம் போய், உனக்கு எது வேண்டும் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.

நீ எனக்குத் தரவேண்டிய கடன் ஒன்றே ஒன்று, அது ஒரு பதில். பிஸ்டல் பூட்டாமல் நிற்கிறது என்று நான் ஃபோனில் சொன்னபோது நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாயே, அப்போது ஸ்பிரிங்கின் ஞாபகம் உனக்கு வரவில்லையா? வரவில்லை என்றால் நீ கவனமில்லாதவன், அதை மன்னிக்கலாம். வந்தும், எப்படியோ அம்மா இதை விட்டால் சரி என்று வாயை மூடிக்கொண்டாய் என்றால், அதையும் மன்னிப்பேன், தாய் வேறென்ன செய்வாள். ஆனால் எது என்று எனக்குத் தெரியவேண்டும். நீ வந்து என் முன்னால் இருந்து சொல்லவேண்டும். அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே.

பிஸ்டலை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. போன சனிக்கிழமை புதிய ஸ்பிரிங்கோடு போனேன். ஒருதரம்கூட நிற்கவில்லை. ஆனால் நன்றாகச் சுட்டேன் என்று சொல்லமாட்டேன், பாதிக்கு மேல் இடதுபக்கம் கீழே போய்விட்டது. விசையை அவசரப்பட்டு இழுத்தேன், எனக்கே தெரிந்தது. டெஸ் கடதாசியைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார். நான் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து காருக்குள் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். எல்லாம் நான் விட்ட பிழைகள். அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்குக் கார் ஓட்டி வந்து நெடுநாளாகிறது.

கலியாணத்தன்று தேவாலய வாசலிலிருந்து பீடம்வரைக்கும் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர உன் ஒன்றுவிட்ட தம்பியை ஒழுங்கு செய்திருப்பதாக அப்பா இன்று காலையில் சொன்னார். இதையும் என்னைக் கேட்காமல்தான் செய்திருக்கிறாய். அந்தப் பிள்ளையை மற்றச் சனத்தோடு மர வாங்கில் போய் இருக்கச் சொல். உன் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது நான். இறுக்கித்தான் பிடிப்பேன். நொந்தால் சொல்லு.

கோபம் இன்னும் தீராத,
அம்மா